மூன்றாம் படி

ஆவணி மாதம் நான்காம் நாள் காலை, ஆற்றங்கரைக் காட்டிலிருந்த நாற்பத்தொரு விலங்குகளிடமும் ஒரே கேள்வியைக் கேட்கப் புறப்பட்டது மருதன் என்ற கீரி.

முந்தைய மழைக்காலத்தில் வெள்ளம் காட்டுக்குள் புகுந்து இரண்டு முயல்களைக் கொண்டுபோயிருந்தது. இனி ஒருவரையும் இழக்கக் கூடாது என்று மருதன் முடிவு செய்தது. காட்டுப்பன்றிகளை விட்டுக் கல் உருட்டி, மேட்டுப்பாறைக்கு ஏறப் பன்னிரண்டு படிகள் அமைத்தது. இப்போது அவற்றைப் பற்றித்தான் கேட்டது.

"படிகள் நன்றாக இருக்கின்றனவா?"

"பிரமாதம்!" என்றது மான்.

"எனக்கெதற்கப்பா படி? மரம் இருக்கிறதே! சரி சரி, நன்று என்றே போட்டுக்கொள்!" என்றது குரங்கு.

ஒவ்வொரு பதிலுக்கும் மருதன் புங்க மரத்தில் ஒரு கீறல் போட்டது.

"வாயால் சொல்வது இருக்கட்டும், மருதா. ஒவ்வொருவரையும் ஏறிக் காட்டச் சொல்லேன்!" என்றது முள்ளம்பன்றி.

"முப்பது பேர் நன்று என்று சொல்லியாகிவிட்டது. இன்னும் உனக்குச் சந்தேகமா? உன் பேச்சிலும் முள்தானா!"

கூட நின்ற மான்கள் சிரித்தன.

கடைசியாக மிச்சமிருந்தது பவளம் என்ற கட்டாமை. தரையில் வாழும் ஆமை அது. நீந்தத் தெரியாது.

"பவளக்கா, மற்ற நாற்பது பேரும் நன்று என்றுவிட்டார்கள். நீங்களும் அதையேதானே சொல்லப்போகிறீர்கள்?"

பவளம் தலையைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டது. சுற்றி நின்ற மான்களின் நீண்ட கால்களைப் பார்த்தது.

"நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி."

நாற்பத்தோராவது கீறலும் விழுந்தது. மருதனுக்கு மனம் நிறைந்தது.

ஐப்பசி பதினெட்டாம் நாள் மதியம் ஆறு கரையை உடைத்தது. விலங்குகள் படியேறி ஓடின. பாறை உச்சியில் மருதன் தலைகளை எண்ணியது. தன்னை விட்டு நாற்பது. மறுபடி எண்ணியது. நாற்பதுதான்.

கீழே பாய்ந்து இறங்கியது.

மூன்றாம் படி மற்றவற்றைவிட உயரம். அதன் விளிம்பில் முன்கால்களைப் போடுவதும் சறுக்கி விழுவதுமாகப் பவளம் தவித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் இரண்டாம் படிக்கு வந்துவிட்டது. மருதன் ஓட்டைக் கவ்வி இழுத்தது. பல் வழுக்கியது.

"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, அக்கா!"

"நீ கேட்க வருவதற்கு முன்பே, மூன்று நாள் விடியலில் தனியாக வந்து ஏறிப் பார்த்தேன், தம்பி. முடியவில்லை. அத்தனை பேருக்கும் சரியாக இருப்பது எனக்கு மட்டும் ஆகவில்லை என்றால், தப்பு என் காலில்தானே என்று நினைத்துவிட்டேன். நீ மேலே போ!"

"போக மாட்டேன்! குரங்கண்ணே! சீக்கிரம் வா!"

குரங்கு நான்கு படி இறங்குவதற்குள் பெரிய அலை ஒன்று வந்து மோதியது. அது விலகியபோது கல்லைப் பற்றிக்கொண்டு கீரி மட்டும் கிடந்தது.

தை மாதம் ஆறாம் நாள் மூன்றாம் படியை உடைத்துச் சரிவாக்கினார்கள். அந்தக் காட்டில் வேறு ஆமை இல்லை.

நன்றாக இருக்கிறதா என்று நூறு பேரைக் கேட்பதைவிட, ஒருவர் பயன்படுத்தும்போது அருகில் நின்று பார்ப்பதே உண்மையைக் காட்டும்.