ராஜாவின் வைரத்துக்கு எறும்பு வந்த கதை

முன்னொரு காலத்தில் மருதங்காடு என்ற நாட்டை நாகவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பது ஒரு பேச்சுக்கு. காலையில் ஒன்று சொல்வார், மத்தியானம் வேறொன்று சொல்வார், சாயங்காலம் இரண்டையும் சொன்னது யார் என்று கேட்பார். அவர் வெட்டச் சொன்ன தெப்பக்குளம் இடம் மாறி இடம் மாறி, கடைசியில் குளம் வரவில்லை, ஊரெல்லாம் பள்ளம்தான் மிஞ்சியது.

அப்பேர்ப்பட்டவருக்கும் கல்யாணம் கூடிவந்தது. பெண், பக்கத்து நாட்டு இளவரசி தேமொழி. நாலு நடை நடந்து பேசி முடித்தவர் மந்திரி சேந்தன். நிச்சயதார்த்தத்தில் பெண்ணுக்குப் போட ஒரு வைர மோதிரம் வேண்டும். பொக்கிஷ அதிகாரி விழுப்பரையர் நெல்லிக்காய் அளவில், பட்டை தீட்டாத வைரக்கல் ஒன்றை வாங்கிவந்தார். அவருக்கு மந்திரி பதவிமேல் வெகுநாளாக ஒரு கண்.

"மகாராஜா, கல்லை அடியேன் பார்த்து வாங்கிவிட்டேன். எந்த வடிவத்தில் வெட்டுவது என்று முடிவு செய்யும் பெருமை மந்திரியாருக்கே இருக்கட்டும்" என்றார், உடம்பெல்லாம் பணிவாக.

"உருண்டை மட்டும் வேண்டாம். ஊரே உருண்டைதான் போட்டுக்கொள்கிறது!" என்றார் ராஜா. "புதுசாக ஒரு வடிவம் வேண்டும். நிச்சயதார்த்தத்துக்குள் எனக்குப் பிடித்தமாதிரி அமையாவிட்டால், சேந்தரே, நீர் மூட்டையைக் கட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டிவிடும்."

சேந்தன் கணக்குப் போட்டுப் பார்த்தார். இருப்பது ஒரே கல். வெட்டிய கல்லை ஒட்டவைக்க முடியாது. ராஜாவின் மனசோ ஒரு வடிவத்தில் நிற்காது. கல் பாழானால் நிச்சயதார்த்தம் நின்றுபோகும், நாட்டைவிட்டும் போகவேண்டும். அவர் மனைவி போன மாதம்தான் கொல்லையில் முருங்கை நட்டிருந்தாள்.

கல்லை வாங்கி மடியில் முடிந்துகொண்டார். பட்டை தீட்டுகிற சாணைக்காரரிடம் போகவில்லை. நேரே அரண்மனை மடைப்பள்ளிக்குப் போய், நல்ல தெளிந்த கற்கண்டாக ஒரு கட்டி கேட்டார்.

சில நாளில் மோதிரம் சபைக்கு வந்தது. துளி வடிவம், இலந்தைப்பழ அளவு, பளபளவென்று இருந்தது. ராஜா விரலில் மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கல்லின் நீரோட்டத்தைப் பாருங்கள் மகாராஜா!" என்றார் விழுப்பரையர். அவர் வாங்கிய கல்லாயிற்றே, விட்டுக்கொடுப்பாரா? "ஆனால் வடிவம்தான் கண்ணீர்த் துளிமாதிரி இருக்கிறது. நல்ல காரியத்தில் கண்ணீரா?"

"அதானே! மாற்றும்!" என்றார் ராஜா.

அடுத்தது விழி வடிவத்தில் வந்தது, கடலை அளவு. வியர்த்த விரலில் அது பிசுபிசுத்தது.

"என்ன இது, கையில் ஒட்டுகிறது?"

"உயர்ந்த ஜாதி வைரம் உடையவரை விட்டுப் பிரியாது மகாராஜா" என்றார் விழுப்பரையர். "வடிவத்தைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. கல்யாணப் பெண் கையிலேயே ஒரு கண் இருந்தால் திருஷ்டி படாதா?"

"படும், படும். மாற்றும்!"

மூன்றாவது வெற்றிலை வடிவம். நிச்சயத் தாம்பூலத்துக்குப் பொருத்தம்தான். ஆனால் உளுந்து அளவே இருந்தது. ராஜா அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிம்மாசனத்தின் கால் வழியாக எறும்புகள் சாரிசாரியாக ஏறி, அவர் கைக்கு வந்து சேர்ந்தன.

"விழுப்பரையரே, எறும்பு!"

"அற்ப உயிர்கள்கூடத் தங்கள் வைரத்தை வணங்க வருகின்றன மகாராஜா. பரம்பரையாகக் கல் பார்க்கிற கண் என்னுடையது. இது அசல் வைரம் இல்லையென்றால் என் பதவியே வேண்டாம். ஆனால் அடியேன் கொடுத்தது நெல்லிக்காய். மந்திரியார் திருப்பித் தந்திருப்பது உளுந்து."

ராஜா துள்ளி எழுந்தார். "என் கல் எங்கே ஐயா போயிற்று?"

"மகாராஜா 'மாற்றும்' என்று சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று" என்றார் சேந்தன்.

"வாய்வேறா? இன்றைக்கே நாட்டைவிட்டுக் கிளம்பும்!"

"உத்தரவு. வழிக்கு வாயில் போட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும்" என்று சேந்தன் மோதிரத்தை வாங்கினார். எறும்பை ஊதிவிட்டு, கல்லைப் பல்லால் கழற்றி, கடுக்கென்று கடித்துத் தின்றார்.

"ஐயோ, வைரத்தைத் தின்றுவிட்டார்!" என்று விழுப்பரையர் அலறினார்.

சேந்தன் நிதானமாக விழுங்கினார். மடியை அவிழ்த்து, நெல்லிக்காய் அளவு வைரத்தை ராஜாவின் உள்ளங்கையில் வைத்தார். "தின்றது கற்கண்டு. இதை இன்னும் உளி தொடவில்லை."

முதலில் சிரித்தவர் ராஜாதான். சிரித்து முடித்துவிட்டுக் கையிலிருந்த எறும்புக் கடியைச் சொறிந்துகொண்டே, "சரி, இப்போது எந்த வடிவம்?" என்றார்.

"போட்டுக்கொள்ளப்போகிற கையை நாம் இன்னும் கேட்கவில்லையே" என்றார் சேந்தன்.

மூன்று வடிவத்திலும் புதிதாகக் கற்கண்டு வெட்டித் தட்டில் வைத்தார்கள். இளவரசியின் நாட்டுக்குச் சேந்தன் முன்னால் போனார். பரம்பரையாகக் கல் பார்க்கிற விழுப்பரையர், பதவியை வைத்துப் பேசிய பேச்சுக்காக, வழிநெடுக எறும்பு ஏறாமல் தட்டுக்கு விசிறிக்கொண்டே போனார்.

இளவரசி தேமொழி நடந்ததையெல்லாம் கேட்டாள். துளியை வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணையும் போட்டுக்கொண்டாள். வெற்றிலையை மட்டும் தட்டிலேயே விட்டாள்.

"தாம்பூலத்துக்கு இது போதும். ஆனால் ஒன்று கேட்டு வாருங்கள் மந்திரியாரே. கல்லை இத்தனை முறை மாற்றி வெட்டச் சொன்னவர், நான் அங்கே வந்தபிறகு என்னை எத்தனை முறை மாற்றி வெட்டச் சொல்வார்?"

சேந்தன் அதை ஒரு சொல் குறைக்காமல் வந்து சொன்னார். ராஜா வழக்கம்போல விழுப்பரையர் பக்கம் திரும்பப் போனவர், பாதியில் நின்றார். வெட்கமாக இருந்தது அவருக்கு. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சேந்தனுக்குப் போட்டுவிட்டுச் சாணைக்காரரை வரவழைத்தார். "வெற்றிலை. ஒரே முறைதான்" என்றார்.

நிச்சயதார்த்த நாளன்று, தேமொழியின் விரலில் வைரம் ஏறியது. பார்த்தால், வெற்றிலையின் நுனி ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது. ராஜாவும் பார்த்தார், தேமொழியும் பார்த்தாள். பிறகு அவள் ராஜாவின் முகத்தைப் பார்த்தாள்.

"மகாராஜா, அந்த நுனி..." என்று விழுப்பரையர் வாயைத் திறந்தார்.

ராஜா சீர்த்தட்டிலிருந்து பெரிய கற்கண்டாக ஒன்றை எடுத்து அந்த வாயில் போட்டார்.