குற்றமில்லாத மூன்று ஏரிக்காரர்கள்

மழை சொன்ன மாதத்தில் சொன்னபடி பெய்துகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை, கதையைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் வில்லவரையன் என்று ஒரு ராஜா. அவன் நாட்டில் ஒரு மலை, மலையிலிருந்து இறங்கும் ஓர் ஓடை, அந்த ஓடையில் மூன்று ஏரிகள்.

மேலே இருந்தது மேலேரி. நடுவில் இருந்தது நடுவேரி. கீழே இருந்தது கீழேரி. பெயர் வைத்தவருக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்திருக்கும். மேலேரி நிறைந்து வழிந்தால் தண்ணீர் நடுவேரிக்கு வரும். நடுவேரி வழிந்தால் கீழேரிக்கு வரும். கீழேரிக் கரையின் அடியில் ஆவாரங்குடி என்று நாற்பது வீட்டு ஊர் ஒன்று இருந்தது.

ஏரிக்கு ஒரு காவல்காரன். மேலேரிக்கு நக்கன், நடுவேரிக்குக் கூத்தன், கீழேரிக்குச் சாத்தன். மூன்று பேரும் பரம்பரையாக அந்த வேலை பார்க்கிறவர்கள். ஒரு காலத்தில் ஒரே சட்டியில் கஞ்சி குடித்தவர்கள்தான்.

ராஜா சும்மா இருந்திருக்கலாம். ராஜாக்கள் சும்மா இருந்தால் நமக்குக் கதை ஏது? வருஷாவருஷம் தை முதல் நாளில் எந்த ஏரி அதிகமாக நிறைந்து, கரை கலங்காமல் நிற்கிறதோ அந்தக் காவல்காரனுக்குக் கையில் போடத் தங்கக் கடகம் என்று ஊர் ஊராகப் பறை அறையச் சொன்னான். அன்றோடு மூன்று பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

நக்கனுக்கு ஒரு சங்கதி தெரியும். மலை உச்சியில் மேகம் எருமை மாதிரிப் படுத்து, சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை என்றால், மூன்றாம் நாள் வெள்ளம். அவன் அப்பா சொல்லிக்கொடுத்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

கூத்தனுக்கும் ஒரு சங்கதி தெரியும். நடுவேரிக் கரையில் ஒரு நண்டு வளை இருந்தது. சொன்னால் கடகம் போய்விடுமே! வைக்கோலைத் திணித்து, மேலே சேற்றைப் பூசிவிட்டு, அவனும் யாரிடமும் சொல்லவில்லை.

சாத்தனுக்கும் உண்டு. உபரித் தண்ணீர் வெளியேறுகிற கலிங்கில் நாணலை அடர்த்தியாக வளரவிட்டிருந்தான். தண்ணீர் ஒரு சாண் கூடுதலாக நிற்கும். அறுத்து வழிவிட வேண்டுமென்றால் முழுதாக இரண்டு நாள் பிடிக்கும். அவனும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு வருஷம் கடகம் நக்கனுக்கே வந்தது. குளிக்கும்போதும் கழற்ற மாட்டான். அவன் பெண்டாட்டி சேந்தி, "கையை ஆட்டி ஆட்டிப் பேசாதீங்க, கண்ணு கூசுது" என்பாள். அவனுக்கு அதிலும் ஒரு சந்தோஷம்.

ஏழாம் வருஷம் ஐப்பசியில் மேகம் வந்து படுத்தது. நக்கன் பார்த்தான். இப்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டால் ஏரி குறையும், கடகமும் கைமாறும். கடைசி வரை பிடித்து வைப்போம் என்று உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் வெள்ளம் வந்தது. கரை தளும்பியதும் தன் கலிங்கை முழுதாகத் திறந்தான். அவன் கரை தப்பித்தது.

தண்ணீர் திடுமென்று நடுவேரியில் விழுந்தது. நண்டு வளை தாங்காது என்று பயந்த கூத்தன், வந்ததையும் இருந்ததையும் சேர்த்துக் கீழே தள்ளினான். அவன் கரையும் தப்பித்தது.

சாத்தன் அரிவாளை எடுத்துக்கொண்டு நாணலுக்கு ஓடினான். இரண்டு கட்டு அறுத்திருப்பான். அதற்குள் கீழேரி உடைந்தது.

ஆவாரங்குடி ஜனங்கள் இரைச்சல் கேட்டுப் பாறை மேட்டில் ஏறிக்கொண்டதால் உயிருக்குச் சேதமில்லை. நாற்பது வீடும், விதைநெல்லும், மாடுகளும் போய்விட்டன.

ராஜா விசாரணை வைத்தான்.

"மகாராஜா, என் கரையில் ஒரு கூடை மண் சரியவில்லை" என்றான் நக்கன்.

"என் கரையில் ஒரு கைப்பிடி மண் சரியவில்லை" என்றான் கூத்தன்.

"எனக்கு இரண்டு நாள் வேண்டும், மகாராஜா. வெள்ளம் அரை நாழிகையில் வந்தது. வருகிறது என்று யாரும் சொல்லிவிடவில்லை" என்றான் சாத்தன்.

மந்திரிகள் ஏரிச் சட்டத்தின் ஓலைகளை மூன்று தடவை புரட்டினார்கள். அவரவர் ஏரியை அவரவர் காக்க வேண்டும் என்றுதான் எழுதியிருந்தது. அடுத்தவனுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்கும் இல்லை. மூன்று பேர் மீதும் குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. நக்கன் கடகத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

ஆவாரங்குடி நாச்சி என்று ஒருத்தி, கையில் ஒரு கோழியோடு, சபை ஓரத்தில் நின்றிருந்தாள். வெள்ளத்தில் அவளுக்கு மிஞ்சியது அந்தக் கோழிதான். "யார் மேலயும் குத்தமில்லைங்களா, மகாராஜா?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா."

"சரிங்க. ஊருதான் இல்லை."

கோழி மட்டும் கொக்கரித்தது.

ராஜாவுக்கு முகம் கறுத்துவிட்டது. கடகத்தை அறிவித்தது யார் என்று அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றான்.

"வீடு கட்டித் தருவீங்கல்ல? முதல் வீட்டை மேலேரி அண்ணன் குடும்பத்துக்குக் கட்டிக் கொடுங்க. அவ்வளவு நல்ல வேலைக்காரரு. அவங்க குடும்பம் எங்க பக்கத்துல இருந்தா எங்களுக்கும் தைரியமா இருக்கும்."

ராஜா சிரிக்கவில்லை. அங்கேயே உத்தரவு போட்டான்: நக்கன் குடும்பம் கீழேரிக் கரையடியில், சாத்தன் குடும்பம் நடுவேரிக் கரையடியில், கூத்தன் குடும்பம் மேலேரிக் கரையடியில். காவல்காரர்கள் மட்டும் தத்தம் ஏரியிலேயே இருக்க வேண்டும்.

உடைந்த கரையைக் கட்டினார்கள், ஊரைக் கட்டினார்கள். சேந்தி பிள்ளைகளோடும் ஆட்டுக்குட்டியோடும் ஆவாரங்குடிக்குப் போனாள். நக்கன் தானே பொங்கித் தானே தின்றான். உப்புப் போட மறந்துவிடுவான்.

அடுத்த ஐப்பசி வந்தது. மேகம் வந்து படுத்தது. நக்கன் பார்த்தான். கடகத்தையும் ஒரு தடவை பார்த்தான். சாயங்காலம் வரை பார்த்தான். மேகம் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் ஓடினான் பாருங்கள், அப்படி ஓடினான். செருப்பு ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம். நடுவேரியில் நின்றுதான் மூச்சு வாங்கினான்.

"கூத்தா, மேகம் படுத்துவிட்டது. மூன்றாம் நாள் வெள்ளம்."

கூத்தன் அவனையே பார்த்தான். "இது உனக்கு எத்தனை வருஷமாகத் தெரியும்?"

"விவரம் தெரிந்த நாளாக."

கூத்தனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. திட்ட வாயைத் திறந்தான். திறந்த வாயில் வேறு வந்தது. "என் கரையில் ஒரு நண்டு வளை இருக்கிறது, நக்கா."

"எத்தனை வருஷமாக?"

"அதை விடு."

இரண்டு பேரும் சாத்தனிடம் போனார்கள். சாத்தன் எல்லாவற்றையும் கேட்டான். கேட்டுவிட்டு, நாணலைக் காட்டினான். அவரவர் கலிங்கை அளவாகத் திறந்து வைத்தார்கள். கூத்தன் வளையைத் தோண்டிக் களிமண்ணை இடித்து அடைத்தான். மற்ற இரண்டு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நாணலை அறுத்தார்கள். சேந்தி கஞ்சி கொண்டுவந்தாள்.

"மேகத்தைப் பத்தி எனக்குக்கூட நீங்க சொன்னதில்லையே" என்றாள்.

நக்கன் தலையைக் குனிந்துகொண்டு குடித்தான். கஞ்சியில் உப்பு சரியாக இருந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் வெள்ளம் வந்தது. மேலேரி தாங்கியது. நடுவேரி தாங்கியது. கீழேரியில் கரை விளிம்புக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் ஏறி நின்று, கலிங்கு வழியாக இறங்கிப் போனது. நக்கன் கீழேரிக் கரை மேல் நின்று, தன் வீட்டுக் கூரையை எண்ணினான். ஒரு கூரைதான். மூன்று தடவை எண்ணினான்.

தை முதல் நாள் ராஜா வந்தான். எந்த ஏரியில் அதிகத் தண்ணீர் என்று கேட்டான். அந்த வருஷம் யாரும் அளக்கவில்லை. நக்கன் கடகத்தைக் கழற்றி அவன் காலடியில் வைத்தான். கையில் வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது.

"இதை யாருக்குக் கொடுப்பது?" என்றான் ராஜா.

"வித்துட்டு மூணு கொம்பு வாங்குங்க, மகாராஜா. ஏரிக்கு ஒண்ணு. ஊதினா எல்லாருக்கும் கேக்கும்" என்றாள் கூட்டத்தில் நின்ற நாச்சி.

அப்படியே செய்தான். அன்றிலிருந்து நக்கன் சின்னத் தூறலுக்கெல்லாம் கொம்பு ஊதினான். சில நாள் வெறும் மேக மூடாப்புக்கே ஊதினான். ஆவாரங்குடியில் யாரும் அதற்குக் குறை சொன்னதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டதே, குடும்பத்தை மேலே கூட்டிக்கொள்ளட்டுமா என்று ஒரு நாள் நக்கன் ராஜாவிடம் கேட்டான்.

"இல்லை. எல்லாம் சரியாக இருப்பதே அதனால்தான். அங்கேயே இருக்கட்டும்" என்றான் ராஜா.

ஆகையால், சின்னவர்களே, பெரியவர்களே: தனக்குத் தெரிந்ததை அடுத்தவனுக்குச் சொல்லாதவன் தன் வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும், அவன் பாதி வேலைதான் செய்திருக்கிறான்.