லோடு இல்லாத பெட்டிக்கு ஆறு கயிறு

சங்ககிரி லாரி செட்டில் லோடுக்குக் கயிறு கட்டும் ஆட்கள் மூன்று பேர். மூத்தவர் பச்சியண்ணன், அடுத்தவன் சென்னப்பன், கடைசி நம் அர்த்தநாரி. ஊருக்கெல்லாம் புத்தி பங்கு போட்ட நேரத்தில் இவர்கள் மூவரும் டீ குடிக்கப் போயிருந்ததாக செட்டில் பேச்சு. ஆனால் கயிறு விஷயத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. தளர்ந்த கயிறு கண்ணில் பட்டால் மூவருக்கும் கை பரபரக்கும். அடுத்த வீட்டுத் துணிக்கொடியாக இருந்தாலும் ஒரு இழு இழுத்து இறுக்கிவிட்டுத்தான் நகர்வார்கள். அதில் கொடி அறுந்து நனைந்த சேலைகள் சாக்கடையில் விழுந்ததும் உண்டு.

அர்த்தநாரிக்குப் பெண் பார்க்கக் குமாரபாளையம் போனார்கள். பெண் பெயர் தமயந்தி. அவள் கையிலிருந்த போன் உறையில் ஒரு கிட்டார் படம். அதைப் பார்த்ததும் நம் ஆளுக்குத் தலைகால் புரியவில்லை.

"நானுங்கூட கிட்டார் வாசிப்பனுங்க" என்று உளறிவிட்டான்.

"அப்பிடிங்களா? அப்ப நிச்சயத்தன்னைக்கு ஒரு பாட்டு வாசிங்க. வாசிச்சா எனக்குச் சம்மதமுங்க. பொய்யின்னா சபையிலயே வேண்டாம்னு சொல்லிப்போடுவன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பில் அர்த்தநாரி மொத்தமாக விழுந்தான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தான். கிட்டாரை அதுவரை தொட்டதுகூட இல்லை என்பது சங்ககிரியில் இறங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

நிச்சயத்துக்குப் பதினெட்டு நாள். பழைய கிட்டார் ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு மூவரும் அருமைநாயகம் மாஸ்டரிடம் போனார்கள். சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவர் அவர். அர்த்தநாரியின் விரல்களைப் பிடித்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"இந்த விரலுக்குப் பதினெட்டு நாள்ல கார்ட்ஸ் வராது தம்பி, பல சுரத்தைச் சேத்துப் பிடிக்கணும். வேற வழி இருக்கு. கம்பியோட சுருதியையே மாத்திடலாம். மேல ரெண்டு தடிக் கம்பி, அடியில கடைசிக் கம்பி, இந்த மூணையும் கொஞ்சம் தளர்த்திட்டா, சும்மா மீட்டினாலே ஒரு கார்ட் வந்துடும். கிட்டார் கழுத்துல இருக்குற அஞ்சாம் கட்டத்துல ஒரு விரலைக் குறுக்கே படுக்க வெச்சா இன்னொண்ணு. ஏழாம் கட்டத்துல வெச்சா இன்னொண்ணு. பாட்டு முடிஞ்சுது."

மற்றதெல்லாம் அவர்கள் காதில் ஏறவில்லை. 'தளர்த்தி' என்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். மாஸ்டர் மூன்று கம்பிகளைத் தளர்த்தும்போது மூவரும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆலோசனை தொடங்கியது.

"கவுறு தளந்தா லோடு சாயுமேடா" என்றார் பச்சியண்ணன்.

சென்னப்பன் கிட்டாரின் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். "அண்ணா, உள்ள லோடே இல்லீங்க."

"ஒண்ணுமே இல்லாத பெட்டிக்கு ஆறு கவுறா? எவனோ நம்மள ஏமாத்திப்போட்டான்."

அர்த்தநாரி கிட்டாரைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தான். லோடு இல்லாத வண்டியை எடுத்துக்கொண்டு தமயந்தி முன்னால் எந்த முகத்தோடு நிற்பது? ஓட்டை வழியாக இரண்டு படி மக்காச்சோளம் கொட்டினார்கள். மறுநாள் மாஸ்டர் கிட்டாரைக் கவிழ்த்துச் சோளம் முழுவதையும் வெளியேற்றினார்.

அடுத்த சிக்கல் அந்த ஒரு விரல். அது யார் விரல் என்று மாஸ்டர் சொல்லவில்லை.

"அஞ்சாம் கட்டத்துலயும் ஏழாம் கட்டத்துலயும் ஒரே ஆள் வேலை பாத்தா அசந்துபோவான். ஆளுக்கொரு கட்டம் எடுத்துக்கலாம்" என்றார் பச்சியண்ணன். ஐந்து அவருக்கு, ஏழு சென்னப்பனுக்கு. அர்த்தநாரிக்கு மீட்டுகிற வேலை மட்டும். பதினாறாம் நாள், ஒரு கிட்டாரை மூன்று பேர் சூழ்ந்து நின்று ஒரு பாட்டை ஒப்பேற்றிவிட்டார்கள். மாஸ்டருக்கே ஆச்சரியம்.

"நிச்சயம் முடியிற வரைக்கும் சுருதியை யாரும் தொடக்கூடாது" என்றார். மூவரும் லாரி ஸ்டியரிங்கைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள்.

நிச்சயத்தன்று குமாரபாளையத்தில் சபை நிறைந்திருந்தது. தமயந்தி எதிரே உட்கார்ந்திருந்தாள். பச்சியண்ணன் ஐந்தாம் கட்டத்துக்கும் சென்னப்பன் ஏழாம் கட்டத்துக்கும் விரலைத் தயாராக நீட்டிக்கொண்டு நின்றார்கள். அர்த்தநாரி கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒரு மீட்டு மீட்டினான்.

டப். டப். டப்.

மூன்று கம்பிகள் அறுந்து தொங்கின. கூட்டத்திலிருந்த மாஸ்டர் தலையில் கை வைத்தார். அர்த்தநாரி கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் தமயந்தியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அந்தப் பயத்தில் மீட்டிக்கொண்டே இருந்தான், மற்ற இருவரும் தங்கள் கட்டத்தை விடவில்லை.

அறுந்தவை மாஸ்டர் தளர்த்திய அந்த மூன்றும்தான். நடுவில் மிச்சமிருந்த மூன்றும் சேர்ந்தாலே ஒரு முழுக் கார்ட். பாட்டு முன்னைவிடச் சுத்தமாக வந்தது. சபை கைதட்டியது. தமயந்தி கண்ணில் நீர் வரச் சிரித்து, "எனக்குச் சம்மதமுங்க" என்றாள்.

பந்தியில் மாஸ்டர் மெதுவாக விசாரித்தார். "சுருதியைத் தொட்டது யாரு?"

"சுருதிய யாரும் தொடலீங்க மாஸ்டர்" என்றார் பச்சியண்ணன் பணிவாக. "கவுறு தளந்து கெடந்துது, மனசு கேக்கல. காலையில மூணு ஆணியவும் ஒரு சுத்து திருகினன். அவ்வளவுதான்."

"நானுங்கூட ஒரு சுத்துதானுங்க" என்றான் சென்னப்பன்.

அர்த்தநாரி இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வர்ற வழியில நானும் ஒண்ணு."

மாஸ்டர் பாயசத்தை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்று அர்த்தநாரிக்கு ஒரு ஞானம் பிறந்தது. ஆறு கயிற்றில் மூன்று போனால்தான் வேலை சுத்தமாக நடக்கிறது. மறுநாள் குமாரபாளையத்துக் குடோனில் மக்காச்சோள மூட்டைகளை ஏற்றியதும், வழக்கமாகக் கட்டுகிற ஆறு கயிற்றில் மூன்றை அவிழ்த்துச் சுருட்டி வைத்தான். "சரியான யோசனைடா" என்று பச்சியண்ணன் முதுகில் தட்டினார். வண்டியை ஓட்டிவந்து அர்த்தநாரி வீட்டு வாசலில் நிறுத்தும்போது மேலே நாலு மூட்டைதான் இருந்தது.

அன்று மாலை கல்யாண நாள் குறிக்கப் பெண் வீட்டார் வருவதாக இருந்தது. சங்ககிரிக்கே வந்தறியாதவர்கள். வழிகாட்டப் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவேண்டிய சென்னப்பன், வாசலில் மிச்ச மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். அப்படியும் அவர்கள் சொன்ன நேரத்துக்குச் சரியாக வாசலிலேயே வேனில் வந்து இறங்கினார்கள்.

"வழி சிரமமில்லீங்களா மாமா?" என்று கேட்டான் அர்த்தநாரி.

"ஒரு சிரமமும் இல்லீங்க மாப்பிள்ளை" என்றார் தமயந்தியின் அப்பா. "எங்க தெருமுனையில இருந்து உங்க வாசல் வரைக்கும் கோழிங்க வரிசையா நின்னு மேஞ்சுட்டு இருந்துதுங்க. அப்பிடியே வந்துட்டோம்."

பச்சியண்ணன் அர்த்தநாரியைப் பெருமையோடு பார்த்தார். "பாத்தியாடா? ஆறையும் கட்டியிருந்தா இவங்க எங்க போய்த் தேடியிருப்பாங்க?"