பழசைக் கொண்டு வாருங்கள்

டக், டக், டக்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் கேட்ட சத்தம். தகரத்தில் பிளாஸ்டிக் இடிக்கிற அற்பச் சத்தம்தான். சிவசைலம் சாருக்கு அது கோயில் மணிக்கு நடுவிலும் கேட்கும், குக்கர் விசிலுக்கு நடுவிலும் கேட்கும்.

அதைக் காதில் வைத்துக்கொண்டுதான் அவர் ஜெசிந்தாவின் கடைப் படியேறினார்.

பாளையங்கோட்டையில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே ஒற்றை அறை. சுவரெல்லாம் வயர். ஜெசிந்தாவுக்கு வயது இருபத்தெட்டு. அவருக்கு அறுபத்திரண்டு. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கம்ப்யூட்டர் கட்டுவதில் அவளை மிஞ்ச இந்தப் பக்கம் ஆளில்லை என்று சொன்னார்கள். கையில் கொஞ்சமாக வைத்திருப்பவனுக்குத்தான் அதிகம் மெனக்கெடுவாள் என்றும் சொன்னார்கள்.

"ஏம்மா, கேம் ஆடுற கம்ப்யூட்டர் ஒண்ணு கட்டணும். பென்ஷன் காசுக்குள்ள அடங்கணும். ஆனா எல்லாமே ஒசத்தியா இருக்கணும். எதை எதை வாங்கட்டும்?"

பிரிண்டர் இங்க் வாங்க வந்திருந்த கூட்டுறவு வங்கிக்காரர் சிரித்துவிட்டார். "சார் ரிட்டயர் ஆனதும் துப்பாக்கியத் தூக்கிட்டியளா?"

ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"எந்த கேம் சார்?"

"எந்த கேம்னா... பையங்க ஆடுவாங்கள்லா. சுடுறது."

"யாருக்கு?"

"என் மகனுக்கு. தங்கச்சி கல்யாணத்துக்கு சிங்கப்பூர்லேர்ந்து வாரான். எட்டு வருஷம் கழிச்சு."

வருகிறவன் பக்கத்துத் தெரு லாட்ஜில் அறை போட்டிருப்பதை அவர் சொல்லவில்லை. மாடியில் அவன் மேசை வெறுமையாகக் கிடப்பதையும் சொல்லவில்லை. அதில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துவிட்டால் அவன் லாட்ஜைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவான் என்று தான் நம்புவதை, தனக்கே கூடச் சத்தமாகச் சொன்னதில்லை.

"அவர் என்ன ஆடுவார்னு தெரிஞ்சுட்டு வாங்க சார். கால் அளவு தெரியாம கீழ செருப்பு கேட்டாக்கூடத் தரமாட்டாங்க."

*

வீட்டில் மனைவி ஆவுடையம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"நாயகம் என்ன கேம் ஆடுவான், உனக்குத் தெரியுமா?"

அவள் நிமிரவில்லை. "லாரி ஓட்டுவான்."

"லாரியா? சுடுறதில்லையா?"

"அவன் யாரைச் சுடப் போறான்? லோடு ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போவான். ஏதோ வெளிநாட்டு ரோடு, ஈ காக்கா இருக்காது. ஆனா சிக்னல்ல சிவப்பு விழுந்தா நிப்பான். போயேண்டா, யாரு பாக்கான்னு கேப்பேன். சிவப்புல்லாம்மான்னுவான்."

ஒரு கொத்தை உருவிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"நீங்கதான் மாடிக்கே வரமாட்டியளே. வந்தது ஒரு தடவ."

*

"லாரி ஓட்டுற கேம்," என்றார் மறுநாள்.

"நல்ல கேம் சார். அதுக்கு ஒசத்தி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். நடுத்தரமே ஓடும்." காகிதத்தை எடுத்தவள் பேனாவைத் திறக்கவில்லை. "பழசு எங்க?"

"எந்தப் பழசு?"

"அவர் அப்ப லாரி ஓட்டின கம்ப்யூட்டர். பழசைப் பார்க்காம நான் பட்டியல் எழுதறதில்ல. அதுல ரெண்டு சாமான் தேறினாலும் உங்களுக்கு லாபம்."

"அது பழுதாயிட்டு."

"பழுதானதையே கொண்டு வாங்க."

"வேண்டாம்மா. எல்லாம் புதுசாவே..."

"பழசைக் கொண்டு வாங்க சார்."

அவள் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டாள்.

அவர் வேறு கடைக்குப் போனார். அங்கே இரண்டு நிமிஷத்தில் பட்டியல் தயார். கண்ணாடிப் பெட்டி, உள்ளே நீலமும் ஊதாவுமாய் ஓடும் விளக்கு. கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. எந்த கேம் என்று யாரும் கேட்கவில்லை. பழசு எங்கே என்றும் கேட்கவில்லை.

கேட்காததுதான் உறுத்தியது. பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பரணில் ஏணியைச் சாத்தினார்.

*

பழைய போர்வையில் மூட்டையாகக் கட்டி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, படிக்குப் படி நின்று ஏறினார். மேலே அதே வங்கிக்காரர். வாங்கிப்போன இங்க் சேரவில்லையாம்.

"என்ன சார், பிரியாணி அண்டாவா?"

ஜெசிந்தா முடிச்சை அவிழ்த்தாள்.

பெட்டியின் மேல்தகட்டில் வட்டமாக ஒரு பள்ளம். அம்மிக்குழவியை அதில் நிறுத்தினால் அசையாமல் நிற்கும்.

"கீழ விழுந்துட்டு," என்றார் சிவசைலம் சார்.

அவள் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

வங்கிக்காரர்தான் சொன்னார். "கீழ விழுந்தா கீழதான சார் நசுங்கும்? இது உச்சந்தலையில இடி விழுந்த மாதிரில்லா இருக்கு."

சிவசைலம் சார் போர்வையை உதறி மடித்தார்.

ஜெசிந்தா ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மதர்போர்டு ஓரத்தில் விரிசல். கிராபிக்ஸ் கார்டு இரண்டு துண்டு. ரேமைத் துடைத்து ஒரு பக்கம் வைத்தாள். கடைசியில், அடியில் ஒரு கறுப்புப் பெட்டி. கனமாக இருந்தது. தூசியை ஊதி, அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்தவள் இன்னொரு தடவை படித்தாள்.

"இதைப் பார்த்து எடுத்தது யாரு சார்?"

"அவன்தான். காலேஜ் படிக்கிறப்ப. தெருப்பிள்ளைகளுக்கு ஒண்ணரை வருஷம் டியூஷன் எடுத்து அவனே வாங்கிக் கட்டினான்."

"கார்டு மலிவு. பெட்டி வெறும் தகரம். ஆனா இந்தப் பவர் சப்ளை அப்ப உள்ளதுலயே நல்லது. கரண்டை வாங்கி மத்ததுக்கெல்லாம் பிரிச்சுக் கொடுக்கிற சாமான். விளக்கு எரியாது, வெளியில தெரியாது. கையில இல்லாதவங்க முதல்ல இதுலதான் சார் குறைப்பாங்க. இவரு மத்ததுல எல்லாம் குறைச்சுக்கிட்டு இதுல போட்டிருக்காரு."

சின்ன வயர்த்துண்டு ஒன்றைச் சொருகி, தகரப் பெட்டியின் பின்பக்கம் இருந்த ஃபேனையும் சேர்த்து, அவள் சுவிட்சைப் போட்டாள்.

டக், டக், டக்.

ஃபேனின் ஓர் இறக்கை வளைந்து தகரத்தில் இடித்தது.

அன்றைக்கும் அப்படித்தான். நாயகத்துக்குக் காலேஜ் தேர்வில் இரண்டு பாடம் போயிருந்தது. குழவியோடு மாடியேறினார். அடித்த பிறகும் அது நிற்கவில்லை, இடித்து இடித்துச் சுற்றிக்கொண்டே இருந்தது. நாயகம் கத்தவில்லை. குனிந்து சுவிட்சை அணைத்தான். வயரைப் பிடுங்கி, அழகாகச் சுருட்டி, மேசைமேல் வைத்தான். அடுத்த வாரம் ஊரில் இல்லை.

"விழுந்த அன்னைக்கு இது ஓடிட்டிருந்துச்சா சார்?"

"ஓடிட்டிருந்தது. அடிச்சப்புறமும் ஓடுச்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது.

ஜெசிந்தா கறுப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மட்டமான சரக்கா இருந்திருந்தா படார்னு வெடிச்சிருக்கும் சார். அடிச்சவரு கையோட சேர்த்து."

வங்கிக்காரர் இங்க் டப்பாவின் பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்துகளை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"நான்தான்மா அடிச்சேன்."

ஃபேன் இடித்துக்கொண்டே இருந்தது. யாரும் அணைக்கவில்லை. சிவசைலம் சார் குனிந்தார். சுவிட்சை அணைத்தார். வயரைப் பிடுங்கிச் சுருட்டினார். சுருள் சரியாக வரவில்லை. பிரித்து மறுபடியும் சுருட்டினார்.

"இப்ப சொல்லும்மா. எதை எதை வாங்கட்டும்?"

அவள் வெள்ளைக் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இதைக் கட்டினவர் இருக்கறப்ப நான் எழுதக் கூடாது சார். அவர்கிட்ட கேளுங்க."

"அவன் என்கிட்ட பேசி எட்டு வருஷம் ஆச்சும்மா."

"நீங்க பேசி?"

*

செருப்புக் கடைப் படியில் உட்கார்ந்து, மனைவி எழுதிக் கொடுத்திருந்த எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். வெகுநேரம் மணி அடித்தது.

"ஹலோ, யாரு பேசறது?"

மகனிடம் தன் எண் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அப்பா பேசுறேன்டா."

பின்னால் ஏதோ பஸ்ஸின் கதவு மூடும் ஓசை.

"உன் பழைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தோம். பவர் சப்ளை நல்லா இருக்கு."

என்ன கார்டு, எவ்வளவு ரேம் என்று கேட்கத்தான் மடியில் காகிதம் இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை.

"நாயகம், அன்னைக்கு நான் மாடிக்கு வந்தப்ப, நீ லாரிதான் ஓட்டிக்கிட்டு இருந்தியா?"

பஸ் இரைச்சலைத் தாண்டிக் குரல் வந்தது.

"ஓட்டலப்பா. சிவப்புல நின்னுக்கிட்டிருந்தேன்."

*

கல்யாணத்துக்கு வந்த நாயகம் பத்து நாளும் லாட்ஜில்தான் தங்கினான். சிங்கப்பூருக்குத் திரும்புகிற அன்று காலையில் மாடிக்கு வந்தான். அப்பா மேசைமேல் கொண்டுவந்து வைத்திருந்த பழைய பெட்டியின் இடிக்கிற ஃபேனை மட்டும் மாற்றிவிட்டுப் போனான்.