அந்தப் பக்கத்து மீன்

செக் நாட்டுக்கும் ஜெர்மனிக்கும் நடுவே ஒரு மலை. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு குளம், அந்தப் பக்கம் ஒரு குளம். இரண்டிலும் நீர்நாய்கள் வாழ்ந்தன.

செக் பக்கத்து நீர்நாய்களுக்கு வாயைத் திறந்தால் அந்தப் பக்கத்துப் பேச்சுதான். அங்கே எல்லாம் சுத்தமாம், ஒழுங்காம், மீனுக்குள் முள்கூட வரிசையாக இருக்குமாம். அதே மூச்சில், அவர்கள் திமிர் பிடித்தவர்கள், நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்க மாட்டார்கள் என்றும் சொல்லும். இத்தனைக்கும் அவற்றில் ஒன்றுகூட மலையைத் தாண்டிப் போனதில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. முன்பு ஒரு காலத்தில் அந்தப் பக்கத்துக் கூட்டம் வந்து இந்தக் குளத்தையே பிடித்துக்கொண்டது. அது தோற்றுப்போனதும், இங்கேயே பல தலைமுறையாக வாழ்ந்த அதன் இனத்தாரையும் குட்டிகளோடு சேர்த்து இவை துரத்திவிட்டன. முதல் கதையை இவை தினமும் சொல்லும். இரண்டாவதை யாராவது கேட்டால் முணுமுணுக்கும்.

அந்தச் சரிவில் இருந்த ஒரு நரி இவற்றின் மனதை நன்றாகப் படித்து வைத்திருந்தது. காலையில் இலையில் சுற்றிய மீனோடு வரும். அந்தப் பக்கத்து மீன் என்று சொல்லி ஒன்றைக் கொடுத்து இரண்டு வாங்கிக்கொள்ளும். மாலையில் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு வரும். அங்கே கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள், குளத்துக்கு ஆபத்து, நான் காவல் இருக்கிறேன் என்று வளைக்கு ஒரு மீன் வாங்கிப் போகும்.

மிலாடா என்ற பெண் நீர்நாய்க்கு இரண்டு குட்டிகள். நரிக்குக் கொடுத்துக் கொடுத்தே குளத்தில் மீன் வற்றிக்கொண்டு வந்தது. பனிக்காலத்தில் குளம் உறைந்துவிட்டால் குட்டிகளுக்குப் பட்டினிதான்.

ஒரு மாலை அவள் காவல் கூலியாகக் கொடுத்தது வால் கிழிந்த ஒரு கெண்டை. மறுநாள் காலை நரி இலையைப் பிரித்தது. உள்ளே அதே கிழிந்த வால்!

நரி போனதும் மிலாடா எல்லோரிடமும் சொன்னாள். கூட்டத்தின் தலைவர் யாரோஷ் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "ருசியே வேறம்மா. நம்ம குளத்து மீன் இப்படியா இருக்கும்?"

மிலாடாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றே மலையேறி இறங்கினாள்.

அந்தக் குளக்கரையில் கெர்டா என்ற நீர்நாய் காவல் இருந்தாள். வரிசையில் நிற்கும்படி சொன்னாள். வரிசையில் மிலாடாவைத் தவிர யாருமே இல்லை.

"நான் கையேந்த வரல. ஒரு கேள்வி கேட்கத்தான் வந்தேன்" என்றாள் மிலாடா. நரியைப் பற்றிச் சொல்லி, அது விற்கும் மீன் இந்தக் குளத்து மீன்தானா என்று கேட்டாள்.

கெர்டா முகம் சிவந்தாள். நரி அங்கேயும் காவல் கூலி வாங்கிக்கொண்டிருந்தது. செக் பக்கத்து நீர்நாய்கள் எல்லாம் திருடர்கள் என்று சொல்லியிருந்தது.

"நாங்க திருடல. உங்க கூட்டம்தான் எங்க குளத்தையே எடுத்துக்கிச்சு. அதை நரி வந்து சொல்ல வேண்டியதில்ல" என்றாள் மிலாடா.

கெர்டா தலை குனியவில்லை. "தெரியும். எங்க அம்மா உங்க குளத்துலதான் பிறந்தா. குட்டியா இருந்தப்ப இந்த மலையை நடந்தே தாண்டி வந்தா."

மிலாடாவுக்கு வெட்கமாக இருந்தது. "அதுவும் எனக்குத் தெரியும்" என்றாள். இதுவரை அவள் அதை வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

இருவரும் பேசிவைத்தபடி, மறுநாள் காலை கெர்டா சொன்ன நேரத்துக்குச் சரியாக மிலாடாவின் குளத்துக்கு வந்து புதரில் ஒளிந்து உட்கார்ந்தாள். நரி வந்தது. இலையைப் பிரித்து, அந்தப் பக்கத்துக் கெண்டை என்று கூவியது.

கெர்டா வெளியே வந்தாள். "எங்க குளத்துல கெண்டையே கிடையாதே!"

நரி இலையைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டது. நீர்நாய்கள் கெர்டாவைச் சூழ்ந்துகொண்டு விழுந்து கும்பிட்டன. உங்களை மாதிரி வருமா, இனி இந்தக் குளத்தையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாரோஷ் குழைந்தார்.

"எழுந்திருங்க! பயந்து குனிஞ்சது போதும். இப்ப நன்றின்னு சொல்லிக் குனிய வேண்டாம்" என்றாள் மிலாடா.

கெர்டா குளத்தின் கரையைப் பார்த்தாள். அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "கரை கோணலா இருக்கே" என்றாள்.

"கோணல்தான். எங்க கோணல்."

கெர்டா சிரித்துவிட்டாள். மிலாடா நரி விட்டுவிட்டுப் போன கெண்டையை எடுத்துத் தன் குட்டிகளுக்குக் கொடுத்தாள். அவை அதை உள்ளூர் மீன் என்று தெரிந்தே ருசித்துத் தின்றன.

பக்கத்து வீட்டை அண்ணாந்தும் பார்க்காமல், அஞ்சியும் பார்க்காமல், நேருக்கு நேர் பார்க்கிறவர் வாசலில் நரிக்கு வேலை இல்லை.