பல்லி சொன்ன சாட்சி

அந்த ஜமீன்தாருக்குச் சந்தேகம் என்றாலே ஆகாது. அவர் பேசும்போது பல்லி கத்தினால் போதும், மேஜையை விரலால் தட்டி, "சத்தியம்!" என்று முடித்துவிடுவார்.

ஒருநாள் அவருக்கு வைத்திருந்த அல்வாவைக் காணோம்.

"சமையல்கார இசக்கிதான் தின்றிருப்பான்" என்றார். மேலே பல்லி கத்தியது.

"சத்தியம்! இவனை மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றுங்கள்!"

இசக்கி கும்பிட்டான். "பல்லி சொன்னால் சரிதான் எஜமான். கூட்டாளி யாரென்றும் அதையே கேட்டுவிடலாமே?"

ஜமீன்தாருக்கு மகா சந்தோஷம். "கேளடா!"

இசக்கி கூரையைப் பார்த்து ஆரம்பித்தான். "கணக்குப்பிள்ளையா? எஜமானா? குதிரைக்காரனா? எஜமானா? குதிரையா? எஜமானா?"

பல்லி கத்தியது. ஜமீன்தாரின் விரல் பழக்கத்தில் மேஜையைத் தட்டிவிட்டது.

"சத்... சேச்சே! அது வெறும் இருமல்!"

"அப்போ என் பேருக்குக் கத்தியது சாட்சியா, இருமலா எஜமான்?"

ஜமீன்தார் வெளியே பார்த்தார். கழுதையோ வாசலில் தயாராக நின்றது. யாரையாவது ஏற்றியே ஆகவேண்டும்.

"பொய்ச்சாட்சி சொன்ன பல்லிக்கு மொட்டை போடுங்கள்!"

நாவிதர் கத்தியோடு வந்து பல்லியை உற்றுப் பார்த்தார். "இதற்கு ஏற்கெனவே மொட்டைதான் எஜமான்."

ஜமீன்தார் துள்ளி எழுந்தார். "பார்த்தீர்களா! அப்போ இது பழைய திருடன்! அல்வாவைத் தின்றதும் இதுதான். சத்தியம்!"