பொன்கூட்டில் ஒரு நரைமுடி

சடைச்சாமிக்குத் தலை முழுக்க வழுக்கை. கேட்டவர்களிடம், "முடி போய்விட்டது, பெயர் போகமாட்டேன் என்கிறது" என்பார்.

அவருடைய சீடர்களில் உலகுடையாள் மூத்தவள். குருவைவிடவே ஒரு மாமாங்கம் மூத்தவள். கணவர் போய், மகனும் போய், வீட்டில் பேச்சுச் சத்தமே நின்றுபோன பிறகு மடத்துக்கு வந்தவள். அவள் கழுத்தில் பொன்னால் செய்த சிறு கூடு ஒன்று தொங்கும். கணவர் வீட்டு வழியில் வந்த பழைய நகை. அதற்குள் இருப்பது இளமாறன் என்ற அரசனின் தலைமுடி என்று சொல்லித்தான் மாமியார் அவளுக்குப் பூட்டினாள். அந்த அரசன் பட்டம் கட்டிய மாதமே போரில் இறந்தவன்.

அவள் பேசுவதெல்லாம் அந்தக் கூட்டோடுதான். இலை முன் உட்கார்ந்ததும் அதைத் தொட்டு, "ராஜா, சாப்பிடலாமா?" என்பாள்.

"அரசர் பந்திக்கு வந்துவிட்டார், நெய்யை ஒளித்து வையுங்கள்" என்பார் சமையல்காரர். அந்தக் கேலியும் அவளுக்குப் பிடிக்கும்.

ஒரு நாள் காலை, தேய்ந்துபோயிருந்த மூடி கழன்று விழுந்தது. உள்ளே இருந்ததை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு குருவிடம் வந்தாள்.

"சாமி, இது நரைமுடி."

"அதனால் என்ன?"

"இளமாறன் சாகும்போது மீசைகூடச் சரியாக அரும்பவில்லை என்பார்கள்."

"அரசாண்டால் சீக்கிரம் நரைக்கும், அம்மா."

"ஒரு மாதம்தானே ஆண்டார்."

சாமி முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்படியானால் இது வேறு யாரோ."

ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று அவளுக்குப் பட்டது.

"இத்தனை காலம் நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்?"

"தெரியாது, அம்மா."

"இதை ஆற்றில் விட்டுவிடட்டுமா?"

"விடுங்கள்."

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். யாருடையதானாலும் இறந்துபோன ஒருவர் உடம்பில் இருந்தது. ஆற்றில் விடும்போது பெயர் சொல்லி விடுவதுதான் வழக்கம். வாயெடுத்தாள். ராஜா என்று சொல்ல நாக்கு எழவில்லை. வேறு பெயரும் தெரியவில்லை. யாரோ என்று சொல்லியா ஒருவரை அனுப்புவது? முடியை மறுபடி கூட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டு ஈரச் சேலையோடு திரும்பி வந்தாள்.

"பெயர் தெரியாமல் விட முடியவில்லை, சாமி."

"அப்படியென்றால் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்."

"யாரென்றே தெரியாதவரையா? ராஜா என்றுதானே சுமந்தேன்."

"ராஜாவுக்கு ஊருக்கு ஊர் சிலை இருக்கிறது. இப்படி ஒருவர் நரைக்கும்வரை வாழ்ந்தார் என்பது உங்கள் ஒருத்திக்குத்தான் தெரியும்."